ஆபீசுக்கு வெறுங்கையோடு போகலாம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிரட்டு முடிந்து நான் ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது மேல் டிவிஷனில் இருந்து ஓர் அம்மா வந்தார். கொழுந்து எடுத்துப் பேர் வெட்டி இரண்டு வருசமாகிறது. கக்கத்தில் ஒரு சேவல். இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை நிறையக் கடதாசிகள்.

"ஐயா, லேபர் ஆபீசுக்கு நீங்க கூட வாங்க. இத அங்க இருக்கிற ஐயாவுக்குக் குடுத்துட்டு ஈ.பி.எப். காசக் கேப்போம். வெறுங்கையோட போனா காரியம் நடக்காதாமே" என்றார்.

யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். டவுனில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஓர் ஆள் சொன்னாராம். "உள்ளுக்குக் குடுக்கணும்" என்று ஏற்கனவே ஐயாயிரம் ரூபாயும் வாங்கியிருக்கிறார். பையை வாங்கி ஒவ்வொரு கடதாசியாகப் பார்த்தேன். அடியில் ஒரு கடிதம் மடித்தபடி கிடந்தது. ஒன்பது மாதத்துக்கு முந்திய திகதி. முழுக்கச் சிங்களத்தில் இருந்ததால் அந்த அம்மா அதை யாரிடமும் காட்டவில்லை. செக்ரோலில் உள்ள பேரும் அடையாள அட்டையில் உள்ள பேரும் வேறு வேறாக இருக்கின்றன, இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து அனுப்புங்கள். அவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது.

ஆக, அந்த உத்தியோகத்தர் சேவலும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. ஒரு கடதாசி கேட்டார். ஐயாயிரம் ரூபாய் "உள்ளுக்கு" போனதா, வெளியிலேயே நின்றுவிட்டதா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தில் எழுத எத்தனையோ விசயம் இருக்க இதை எழுதக் காரணம், நம் லயங்களில் முக்கால்வாசிப் பேர் அந்த அம்மாவைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தொரைக்குப் பயந்து பழகிய பழக்கம், கச்சேரிக்குப் போனாலும் கூடவே வருகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நமக்குத் தருமம் செய்கிறார் என்று எண்ணுகிறோம். அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். நாம் சீனிக்கும் மாவுக்கும் கட்டும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. ஈ.பி.எப். என்பதோ 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நம் சம்பளத்தில் பிடித்ததும், நமக்காகத் தோட்டம் கட்டியதும் சேர்ந்த நம்முடைய சொந்தக் காசு.

அரசாங்க உத்தியோகத்தர் என்றால் பெரிய ஆட்கள் மட்டும் அல்ல. கிராம உத்தியோகத்தர், பிறப்பு இறப்புப் பதிவாளர், பிரதேச செயலக எழுதுவினைஞர், பொலிஸ்காரர், அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி, குடும்ப நல மாது, அரசாங்கப் பாடசாலை ஆசிரியர், தபால்காரர் எல்லோரும் இதில் அடங்குவர்.

இவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைத்த புத்தகம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தாபன விதிக்கோவை என்று பெயர். அதன் இரண்டாம் தொகுதியில் 47ஆம் அத்தியாயம் நடத்தையைப் பற்றியும், 48ஆம் அத்தியாயம் ஒழுக்க விசாரணையைப் பற்றியும் சொல்கின்றன. நாம் அதை முழுக்கப் படிக்கத் தேவையில்லை. ஆனால் அதன் அடிப்படையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உத்தியோகத்தருடைய சொந்த இலாபமும் அவருடைய கடமையும் ஒன்றோடொன்று மோதும்படி அவர் நடக்கக்கூடாது. மோதுகிறதோ என்று பார்ப்பவர்கள் சந்தேகப்படும்படியும் நடக்கக்கூடாது. இந்த இரண்டாவது பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உதவிப் பட்டியல் தயாரிக்கும் ஒருவர் தன் சொந்தத் தம்பியின் பேரைத் தானே சிபாரிசு செய்கிறார் என்று வையுங்கள். தம்பி உண்மையிலேயே ஏழையாக இருக்கலாம். இருந்தாலும் ஊர் என்ன நினைக்கும்? அந்த முடிவை இன்னொருவரிடம் விட்டுவிடுவதுதான் முறை.

கடமை நேரத்தில் குடித்திருப்பதும் பாரிய குற்றம். நிரூபணமானால் வேலையே போகலாம்.

"அப்ப, வீட்டுக்கு வர்ற மிட்வைப் மிஸ்ஸுக்கு ஒரு பிளேன்டி குடுக்கக்கூடாதா?" என்று எங்கள் பிள்ளைக்காம்பரா அம்மா கேட்டார். தாராளமாகக் கொடுங்கள். வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பது நம் மரியாதை. ஆனால் ஒரு வேலை முடிய வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு தேயிலைத்தூள் இரண்டு கிலோ கொண்டுபோனால் அது வேறு. தீபாவளிக்கென்று பலகாரப் பெட்டியின் அடியில் நோட்டு வைத்தால் அதுவும் வேறு.

இலஞ்சம் வாங்குவது 1954ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டத்தின்படி குற்றம். இப்போது அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இதில் நம்மவர்கள் கவனிக்காத விசயம், வாங்குபவர் மாத்திரமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. "சந்தோசமாத்தான் குடுத்தேன்" என்ற பேச்சு அங்கே செல்லாது. தனியார் கம்பெனிக்காரரையும் இந்தப் புதுச் சட்டம் விடவில்லை, ஆகவே என்னைப் போன்றவர்களுக்கும் அது பொருந்தும். பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு கையெழுத்துக்காகவோ ஒரு வேலைக்காகவோ எவராவது தப்பான நோக்கத்தோடு "தனியா வா" என்று கூப்பிட்டால் அதுவும் இலஞ்சம் கேட்டதாகவே இந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வெட்கப்பட்டு மறைக்க வேண்டியது கேட்டவன், நீங்கள் அல்ல.

புத்தி சொல்கிறேனே தவிர நானும் யோக்கியன் இல்லை. இருபது வருசத்துக்கு முன், அப்பா இறந்த பிறகு மரணச் சான்றிதழ் பிரதி எடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். விண்ணப்பத்துக்குள் ஒரு நூறு ரூபாய் நோட்டை மடித்து வைத்துக் கொடுத்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. அங்கிருந்தவர் நோட்டை எடுத்து லாச்சிக்குள் போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பின்னால் நின்ற கிழவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் மடியை அவிழ்த்துச் சில்லறையை எண்ண ஆரம்பித்தார். அவருக்கு அந்தப் பழக்கத்தைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

சரி, உண்மையாகவே ஒருவர் காசு கேட்டால் என்ன செய்வது? முதலில் "இதுக்கு ரசீது தருவீங்களா ஐயா?" என்று பணிவாகக் கேளுங்கள். அரசாங்கக் கட்டணம் என்றால் பற்றுச்சீட்டு உண்டு. இல்லையென்றால் அது கட்டணம் அல்ல. அதற்குப் பிறகும் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் 1954. கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் புலம்பினால் நிரூபிப்பது கஷ்டம். முன்கூட்டியே சொன்னால் அவர்கள் வந்து கையும் களவுமாகப் பிடிக்க வழி இருக்கிறது. ஆனால் ஆள் மேல் உள்ள கோபத்தில் பொய் முறைப்பாடு செய்யக்கூடாது, அதுவும் தண்டனைக்குரியது.

காசு கேட்கவில்லை, ஆனால் ஏசுகிறார், அலைக்கழிக்கிறார் என்றால் அவருடைய மேலதிகாரிக்கு, உதாரணமாகப் பிரதேச செயலாளருக்கு, எழுதுங்கள். மொட்டைக் கடிதம் எழுதாதீர்கள். குற்றம் சாட்டப்பட்ட உத்தியோகத்தருக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்து, அவருடைய பக்கத்தையும் கேட்டுத்தான் தண்டிக்கலாம். ஆகையால் எந்த நாள், எத்தனை மணி, எந்த மேசை, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று அன்றைக்கே பிள்ளையின் கொப்பியில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

விண்ணப்பம் எங்கே கிடக்கிறது என்று தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும்.

இனி அந்தச் சிங்களக் கடிதத்துக்கு வருவோம். அந்த உத்தியோகத்தர் செய்த பிழை அது ஒன்றுதான், ஆனால் சின்னப் பிழை அல்ல. 1988இல் வந்த 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழர் ஒருவர் தமிழில் எழுதலாம், அவருக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் கிடைக்க வேண்டும். நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த போன்ற பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாகவே அறிவிக்கப்பட்டன. இதை மீறினால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். ஒரு மொழிப் பிரச்சினையால் ஒன்பது மாதமும் ஐயாயிரம் ரூபாயும் ஒரு கிழவிக்கு நட்டம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் போதாது என்பது உண்மைதான். அதற்காக நாம் கேட்காமல் இருந்தால் யாருக்கும் அந்தக் குறை தெரியவராது.

அந்த அம்மாவைச் சமாதான நீதவானிடம் கூட்டிப்போய்ச் சத்தியக்கடதாசி முடித்தோம். தமிழில் ஒரு கடிதம் எழுதி, தமிழில் பதில் தரும்படியும் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினோம். சேவலை அவரே திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனார். டவுன் ஆளிடம் ஐயாயிரத்தைக் கேட்டதற்கு, இன்றுவரை "நாளைக்கு" என்கிறார். போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, வங்கிப் புத்தகத்தின் பிரதியை அனுப்பவும் என்று தமிழில் இருந்தது. பேத்தி அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாளாம்.

உங்கள் வீட்டுப் பையிலும் வாசிக்காத கடிதம் ஏதும் கிடந்தால் சனிக்கிழமை பிரட்டுக்குப் பிறகு கொண்டுவாருங்கள், நான் ஆபீசில்தான் இருப்பேன்.