மனக்கணக்கும் வாக்குச் சீட்டும்

நாம் விரும்பும் ஒருவர் தேர்தலில் நிற்கிறார். ஆனால் அவர் வெல்லமாட்டார் என்பது ஊரறிந்த செய்தி. நாம் அஞ்சும் ஒருவரும் நிற்கிறார், அவர் வென்றுவிடக்கூடும். மூன்றாமவர் ஒருவர் உளர். அவரை நம் மனம் முழுவதாக ஒப்பவில்லை. ஆயினும் அஞ்சத்தக்கவரைத் தோற்கடிக்கும் பலம் அவருக்கே உண்டு. இந்நிலையில் நமது புள்ளடியை எவருக்கு இடுவது? மனச்சாட்சி ஒருவரைக் காட்ட, கணக்கு வேறொருவரைக் காட்டுகிறது.

இரு பெருங்கட்சிகள் மாறிமாறி ஆளும் நாடுகளில் இக்கேள்வி வீட்டுக்கு வீடு எழுவது. அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்னும் முறை நிலவும் இடங்களில் கட்சிகள் காலப்போக்கில் இரண்டாகச் சுருங்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டுவெர்ஜே 1951 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே விளக்கினார். மூன்றாவது கட்சிக்கு இடும் வாக்கு வீணாகிவிடும் என்று மக்கள் அஞ்சுவது அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அந்த அச்சம் கட்சிகளை இரண்டாக்குகிறது. இரண்டான பின்னர் அச்சம் மேலும் வளர்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இந்த அச்சத்துக்கு ஓர் எண்ணும் உண்டு. 2000 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், புளோரிடா மாநிலத்திலே குடியரசுக் கட்சியின் ஜோர்ஜ் புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோரை 537 வாக்குகளால் வென்றார். அம்மாநிலத்தை வென்றதனாலேயே ஜனாதிபதிப் பதவியும் அவருக்குக் கிடைத்தது. பசுமைக் கட்சியின் சார்பில் நின்ற ரால்ப் நேடர் அங்கே 97,488 வாக்குகள் பெற்றிருந்தார். மோட்டார் வண்டிகளின் பாதுகாப்புக்காக 1960களிலே பெரும் கம்பனிகளோடு தனித்து நின்று போராடிப் புகழ் பெற்றவர் அவர். அந்த நேடரையே, தேர்தலுக்குப் பின்னர் பழைய நண்பர்கள் பலரும் வெற்றியைக் கெடுத்தவர் என்று தூற்றினர். அவர் நில்லாதிருந்தால் அவருடைய வாக்காளர் அனைவரும் கோரிடம் சென்றிருப்பர் என்பது மிகை. ஐந்தில் இரண்டு பங்கினர் அளவில் புஷ்ஷின் பக்கமே சாய்ந்திருப்பர் என்று 2007 இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. ஆயினும் 537 என்னும் சிறு இடைவெளியை நிரப்புவதற்கு எஞ்சியோர் தாராளமாகப் போதுமானவர்கள்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் அதிலிருந்து ஒரே புத்திமதியை எடுத்துரைப்பர்: சொந்தக் கட்சியை விட்டு விலகாதே, மூன்றாமவரை நாடாதே. அதாவது, கட்சி விசுவாசமும் கணக்கும் ஒரே பக்கம் நிற்கின்றன என்பது அவர்கள் கருத்து. அது எப்போதும் அவ்வாறே இருக்குமா? நாட்டின் வடகிழக்குக் கோடியில் உள்ள மேயின் மாநிலத்தின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. புளோரிடாவின் கதை அளவுக்கு அது வெளியுலகில் பேசப்படவில்லை.

மேயின் மக்களுக்குச் சுயேச்சை வேட்பாளர் புதியவர் அல்லர். 1974 இலும், பின்னர் 1994 இலும் 1998 இலும் அவர்கள் சுயேச்சையாளரையே கவர்னராகத் தெரிந்தெடுத்தனர். ஆகவே 2010 ஆம் ஆண்டில் மூன்று பேர் பலத்தோடு நின்றபோது எவரும் வியக்கவில்லை. குடியரசுக் கட்சியின் சார்பில் நின்றவர் போல் லெபேஜ். பதினெட்டுப் பிள்ளைகளுள் மூத்தவராக வறுமையிலே பிறந்து முன்னேறியவர், பேச்சிலே காரம் மிக்கவர். ஜனநாயகக் கட்சி லிபி மிச்செல் என்னும் அம்மையாரை நிறுத்தியது. எலியட் கட்லர் என்னும் வழக்கறிஞர் சுயேச்சையாக நின்றார்.

லூயிஸ்டன் என்னும் ஆலை நகரிலே, பரம்பரையாக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். பாட்டனார் நெசவாலையில் உழைத்தவர். தந்தையாரும் தாயாரும் பிறந்தது முதல் அந்தக் கட்சியின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள். லெபேஜ் கவர்னராவதை அவ்வீட்டில் எவரும் விரும்பவில்லை. செப்டம்பர் மாதத்திலே கணக்கு எளிதாயிருந்தது. கருத்துக் கணிப்புகளில் லெபேஜுக்கு அடுத்ததாக நின்றவர் மிச்செல் அம்மையார். எனவே விசுவாசமும் கணக்கும் ஒன்றே. தாயார் தபால் மூலம் முன்கூட்டியே வாக்களித்துக் கடமையை முடித்துவிடுகிறார். ஒக்டோபர் மாதம் செல்லச் செல்லக் கட்லரின் செல்வாக்கு உயர்கிறது, அம்மையாருடையது சரிகிறது. இப்போது மகன் சொல்கிறான்: "அப்பா, லெபேஜைத் தடுக்க வேண்டுமாயின் நாங்கள் கட்லருக்கே வாக்களிக்க வேண்டும்." தந்தையாரோ, "எங்கள் கட்சி தளர்ந்திருக்கும் வேளையிலா அதைக் கைவிடுவது?" என்று கேட்கிறார்.

தந்தையாரை அறிவிலி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. பிறர் எப்படி வாக்களிப்பர் என்பதை எவராலும் முற்றாக அறிய இயலாது. அந்த இருளிலே, ஒரே நோக்கமுள்ள பல்லாயிரம் பேர் ஒருவரையொருவர் கண்டு பேசாமலே ஓரிடத்தில் கூடுவதற்குக் கட்சியின் பெயர் ஓர் அடையாளமாக உதவுகிறது. அவரவர் தத்தம் கணக்கின்படி புறப்பட்டால், பத்துப் பேர் பத்து வழியில் போகவும் கூடும். கணக்குப் பார்ப்பவன் தன் விருப்பத்தை மாத்திரம் அறிந்தாற் போதாது. பிறருடைய விருப்பத்தையும், பிறர் தன்னைப் பற்றிப் போடும் கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும். செப்டம்பரில் சரியாயிருந்த விடை நவம்பரில் பிழையாகிவிடுகிறது. தபாலிலே போன சீட்டைத் திருப்பி எடுக்கவும் வழியில்லை.

முடிவு இதுதான்: லெபேஜ் 37.6 வீதம், கட்லர் 35.9 வீதம், மிச்செல் 18.8 வீதம். முதல் இருவருக்கும் இடையே பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்குகளே வேறுபாடு. அம்மையாருக்கோ ஒரு இலட்சத்துக்கு மேல் விழுந்திருந்தன. இங்கே, தோல்வியைத் தவிர்க்க எண்ணிய ஜனநாயகக் கட்சியினர் தம் கட்சியை விட்டு விலகியிருக்க வேண்டும். விசுவாசமே விரும்பாதவரைப் பதவியில் ஏற்றிற்று. தாம் அவருக்கு வாக்களிக்காதோர் என்பதைக் காட்ட "61%" என்று அச்சிட்ட சிறு தாள்களைச் சிலர் தங்கள் கார்களின் பின்புறத்திலே ஒட்டிக்கொண்டு திரிந்தனர்.

பட்ட அடியை அவர்கள் மறக்கவில்லை. 2014 இல் அதே லெபேஜும் அதே கட்லரும் மீண்டும் நின்றனர். ஜனநாயகக் கட்சி மைக் மிஷூவை நிறுத்தியது. இம்முறை மூன்றாமிடத்தில் இருந்தவர் கட்லர். வெல்ல முடியாது என்று தம்மைக் கருதுவோர் வேறொருவருக்கு வாக்களிக்க விரும்பினால் அவ்வாறே செய்யலாம் என்று தேர்தலுக்குச் சில நாட்களின் முன் அவரே கூறினார். அவருடைய பங்கு 8.4 வீதமாகத் தேய்ந்தது. அத்தனை பேர் கணக்குப் பார்த்து இடம் மாறியும் லெபேஜ் 48.2 வீதம் பெற்று வென்றுவிட்டார். கணக்கு என்பது வெற்றிக்கு உறுதிச் சீட்டன்று.

வாக்காளரைக் குறைகூறுவதை விடுத்து எண்ணும் முறையை மாற்றினால் என்ன என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. 1974 முதல் 2014 வரை நடந்த 11 கவர்னர் தேர்தல்களில் ஒன்பதிலே வென்றவர் பாதி வாக்கும் பெறவில்லை. 2016 நவம்பரில் மக்கள் தம் வாக்கினாலேயே புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றினர். வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி குறிக்க வேண்டும். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிடின், கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பம் எண்ணப்படும். மனத்துக்குப் பிடித்தவருக்கு முதலிடம் கொடுத்துவிட்டு, தடுக்கவல்லவருக்கு இரண்டாமிடம் கொடுக்கலாம். லூயிஸ்டன் வீட்டிலே தந்தையும் மகனும் பிணங்க வேண்டியதில்லை.

2018 இல் அம்மாநிலத்தின் இரண்டாவது காங்கிரஸ் தொகுதியில் இம்முறை சோதிக்கப்பட்டது. முதல் எண்ணுகையில் குடியரசுக் கட்சியின் புரூஸ் பொலிக்குவின் 46.3 வீதம் பெற்று முன்நின்றார். ஜனநாயகக் கட்சியின் ஜாரெட் கோல்டனுக்கு 45.6 வீதம். சுயேச்சையாளர் இருவரின் சீட்டுகளைப் பிரித்து எண்ணியபோது கோல்டன் வென்றார். தோற்றவர் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இத்தனைக்கும் காரணமான கவர்னர் பொதுத் தேர்தலுக்கு இச்சட்டம் செல்லவில்லை. அதிக வாக்குப் பெற்றவரே கவர்னர் என்று மாநில அரசியலமைப்பு 1880 ஆம் ஆண்டிலேயே வரையறுத்துவிட்டது. ஆதலின் புதிய முறை அதற்கு முரணானது என்று மாநில உயர் நீதிமன்றம் 2017 இல் கருத்துரைத்தது.

விருப்ப வரிசை நமக்கும் புதியதன்று. நமது ஜனாதிபதித் தேர்தலிலே மூன்று விருப்பங்கள் வரை குறிப்பதற்கு 1982 ஆம் ஆண்டின் முதலாவது தேர்தல் முதலே இடமுண்டு. முந்திய எட்டுத் தேர்தல்களிலும் ஒருவர் முதல் எண்ணுகையிலேயே பாதியைத் தாண்டியதால் அது பயன்படவில்லை. 2024 செப்டம்பரிலேதான் முதன்முறையாக இரண்டாம் எண்ணுகை நிகழ்ந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றிருக்க, ஏனையோர் அனைவரும் நீக்கப்பட்டனர். அவ்வாறு நீக்கப்பட்டோருக்கு வாக்களித்தவர்கள் 33 இலட்சத்துக்கு மேற்பட்டோர். முதலிருவருள் எவர் வேண்டும் என்று சொல்லும் உரிமை அவர்கள் ஒவ்வொருவருக்கும் அதே சீட்டிலே இருந்தது. அச்சீட்டுகளிலிருந்து திசாநாயக்கவுக்குச் சேர்ந்தவை 105,264. பிரேமதாசவுக்குச் சேர்ந்தவை 167,867. இரண்டையும் கூட்டினால், நூற்றுக்கு எட்டு அளவிலேயே தேறும். எஞ்சிய முப்பது இலட்சம் சீட்டுகளில் அவ்விருவருள் எவரையும் சுட்டும் அடுத்த விருப்பம் இருக்கவில்லை.