கரண்டியால் சுரண்டினால் தோள்வலி பறக்குமா?

"தோள்பட்டை புடிச்சுக்கிச்சு. கையைத் தூக்கவே முடியலே!"

கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடற்கரை நெடுக இந்தப் புலம்பலுக்குப் பஞ்சம் இல்லை. வலை இழுப்பவருக்குத் தோளில் வலி. உளி பிடிக்கும் சிற்பிக்கு மணிக்கட்டில் வலி. அலைச்சறுக்குப் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளைத் துடுப்பாக வீசும் வாலிபருக்கு முதுகில் வலி.

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில்தான் நடந்தது. கர்நாடக வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார்.

விளையாட்டு வீரர்களிடையே இப்போது ஒரு வைத்தியம் பரவி வருகிறது. அதன் பெயர் 'சுரண்டல்'! ஏழையைச் சுரண்டுவது அல்ல, தோலைச் சுரண்டுவது!

நாணய வைத்தியம்

இது புதுசு அல்ல. சீனாவில் இதற்கு 'குவா ஷா' என்று பெயர். எண்ணெய் தடவி, எருமைக் கொம்பு அல்லது பீங்கான் கரண்டியின் மழுங்கிய விளிம்பால் தேய்ப்பார்கள். இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் நாணயமே போதும்.

இதனால் வம்பும் வந்தது. போருக்குப் பிறகு அமெரிக்காவில் குடியேறிய வியட்நாம் அகதிகள், காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் முதுகில் நாணயத்தால் தேய்த்தார்கள். சிவந்த கோடுகளைப் பார்த்த டாக்டர்கள், 'பெற்றோரே பிள்ளையை அடித்துவிட்டார்கள்' என்று சந்தேகப்பட்டார்கள்!

1990களில் அமெரிக்காவில் இதற்கென்றே எஃகுக் கருவிகள் வந்தன. இன்று பிசியோதெரபி நிபுணர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

பலன் உண்டா?

2007ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 11 பேருக்குச் சுரண்டிப் பார்த்தார்கள். முதல் ஏழரை நிமிடம் அந்த இடத்துத் தோலில் ரத்த ஓட்டம் நாலு மடங்கு கூடியது. இறுகிய மூட்டு கொஞ்ச நேரம் இலகுவாக அசையும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நீடித்த பலனுக்கு உறுதியான ஆதாரம் குறைவு. பிடிப்பு விட்டதும் உடற்பயிற்சி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி இறுகிக்கொள்ளும்.

நம்ம சித்த வைத்தியத்திலும் 'தொக்கணம்' உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகை. அதில் சுரண்டல் கிடையாது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. உடம்பைப் பிடித்துவிடத் தெரிந்தவர்களிடம் போவதே நல்லது.

யாருக்கு ஆகாது?

சுரண்டிய இடத்தில் தோன்றும் செம்புள்ளிகள் சில நாளில் மறையும். 'கெட்ட ரத்தம் வெளியே வருது' என்பது தப்பு. தோலுக்கு அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிவதுதான் அது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. சர்க்கரை நோயால் மரத்துப்போன காலில் சுரண்டினால் காயம்பட்டதே தெரியாது. புண், எலும்பு முறிவு, புதிய வீக்கம், நரம்பு சுருட்டிய இடம் எதிலும் கருவி படக் கூடாது. ஒருவருக்குப் பயன்படுத்தியதைச் சுத்தம் செய்யாமல் இன்னொருவருக்குப் போடுவது ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. இடது தோளில் வலி, கூடவே நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் மாரடைப்பாக இருக்கலாம். அப்போது எண்ணெயையும் கரண்டியையும் தேடாதீர்கள். உடனே 108க்குப் போன் போடுங்கள்!