ஒலிபெருக்கியின் முதுகை மூடலாமா?

மாணவர்களே, உங்கள் வீட்டில் செடான் வகைக் கார் இருக்கிறதா? அடுத்த முறை பூட் என்றும் போனட் என்றும் நாம் சொல்லும் அதன் பின்பெட்டியைத் திறக்கும்போது, சற்றுக் குனிந்து உள்ளே மேற்புறத்தைப் பாருங்கள். பின்னிருக்கைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே உள்ள தட்டின் அடிப்பாகம் தெரியும். பல கார்களில் அந்தத் தட்டில்தான் இரண்டு ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் அழகான வலைமூடி மட்டுமே கண்ணில் படும். பின்பெட்டிப் பக்கமோ வேறு. உலோகச் சட்டம், கனத்த காந்தம், இரண்டு மின்கம்பிகள், சட்டத்தின் இடைவெளிகளில் தெரியும் மெல்லிய கூம்பு என எல்லாமே திறந்தபடி தொங்கிக்கொண்டிருக்கும்.

தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்குப் புறப்படும் நாளில் அந்தப் பின்பெட்டியின் நிலையை நினைத்துப் பாருங்கள். துணிப்பைகள், குடை, பூப்பந்து மட்டை, முறுக்கு டின், அரிசிப்பை எல்லாம் மேல்தட்டு வரை அடுக்கப்படுகின்றன. குடையின் முனை ஒன்று கூம்பைக் குத்திக் கிழித்தால் போதும், அந்த ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கிவிடும். கார் ஜாக்கியின் இரும்புக் கைப்பிடி இரண்டு மின் இணைப்புகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டு, ஒலிப்பெருக்கச் சாதனமே பழுதாகலாம்.

“அப்படியானால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, சுற்றிலும் பசை போட்டு மூடிவிட்டால் போயிற்று!” என்று உங்களுக்குத் தோன்றலாம். பொருள்களிடமிருந்து ஒலிபெருக்கி தப்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால், மறுநாள் பாட்டைப் போட்டால் மிருதங்கத்தின் கும்காரமும் தவிலின் அதிர்வும் காணாமல் போயிருக்கும். ஏன்? அதற்கான விடை, படிவம் 4, 5 இயற்பியல் பாடங்களிலேயே இருக்கிறது.

முன்னும் பின்னும் ஒலி

ஒலிபெருக்கியின் உள்ளே ஒரு நிலைக்காந்தமும், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருளும் இருக்கின்றன. சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் அதன்மீது விசையைச் செலுத்துகிறது. மின்னோட்டத்தின் திசை மாற மாற, சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. சுருளோடு ஒட்டியிருக்கும் கூம்பும் சேர்ந்து அசைந்து காற்றைத் தள்ளுகிறது. நாம் இன்று பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். நூறு ஆண்டுகள் ஆகியும் அந்த அடிப்படை மாறவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஆகவே, ஒலிபெருக்கியின் முதுகிலிருந்தும் ஒலி புறப்படுகிறது. அதன் வலிமை முன்பக்க ஒலிக்கு ஏறத்தாழ நிகரானது. ஆனால், இரண்டும் எதிரெதிர் கட்டத்தில் இருக்கின்றன. ஒன்று மேடு என்றால் மற்றது பள்ளம். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். அலைகள் பாடத்தில் நீங்கள் படிக்கும் அழிவுக் குறுக்கீடு இதுதான்.

தட்டு ஒரு சுவர்

எல்லா ஒலிகளும் இப்படி அழிந்துவிடுவதில்லை. நமது வெப்பமான காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட கூர்மையான ஒலியின் அலைநீளம் 350 ÷ 5,000, அதாவது 7 சென்டிமீட்டர். இத்தகைய குறுகிய அலை பெரும்பாலும் நேராகவே செல்லும். 50 ஹெர்ட்ஸ் கொண்ட ஆழமான ஒலியின் அலைநீளமோ 7 மீட்டர். அது சாதாரணச் செடான் காரின் நீளத்தையே மிஞ்சிவிடுகிறது. இவ்வளவு நீண்ட அலை, ஒரு சிறிய ஒலிபெருக்கியின் விளிம்பைச் சுற்றி எளிதாக வளைந்து மறுபக்கம் போய்விடும். விளிம்பு வளைவு பற்றிய பாடம் நினைவுக்கு வருகிறதா?

அதனால்தான் ஒலிபெருக்கியைக் கையில் வெறுமனே பிடித்துக்கொண்டு பாட வைத்தால், பாடகரின் குரல் கேட்கும், தாளத்தின் ஆழம் கேட்காது. முன்னலையும் பின்னலையும் சந்திக்காமல் இருக்க, இடையில் ஒரு சுவர் தேவை. காரில் அந்தச் சுவர்தான் பின்தட்டு. தட்டுக்கு மேலே பயணிகள், கீழே பின்பெட்டி. முன்பக்க ஒலி நமக்கு வருகிறது, பின்பக்க ஒலி பின்பெட்டிக்குள் அடைபடுகிறது. ஆக, அந்தப் பின்பெட்டி சாமான் வைக்கும் இடம் மட்டுமன்று. அந்த ஒலிபெருக்கிகளுக்கு அதுவே ஒலிப்பெட்டி.

காற்றும் ஒரு சுருள்வில்

இப்போது பிளாஸ்டிக் டப்பாவுக்கு வருவோம். முன்னலையையும் பின்னலையும் அதுவும் பிரிக்கத்தானே செய்கிறது? ஆம், ஆனால் பாயில் விதி குறுக்கே வருகிறது. வெப்பநிலை மாறாதபோது, அடைபட்ட வாயுவின் கன அளவு குறைந்தால் அழுத்தம் கூடும். ஊசியில்லாத மருந்துக் குழலின் வாயை விரலால் அடைத்து, பின்தண்டை அழுத்திப் பாருங்கள். காற்று சுருள்வில்லைப் போல் திருப்பித் தள்ளும்.

கார்களின் பின்தட்டில் 6க்கு 9 அங்குல நீள்வட்ட ஒலிபெருக்கிகள் அதிகம் பொருத்தப்படுகின்றன. அப்படி ஒன்றின் கூம்புப் பரப்பை 240 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூம்பு 5 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்தால், 120 கன சென்டிமீட்டர் காற்றை அது இடம்பெயர்க்கிறது.

டப்பாவின் கொள்ளளவு 5 லிட்டர் என்றால், கன அளவில் 2.4 விழுக்காடு குறைகிறது. அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவு, அதாவது சுமார் 2,400 பாஸ்கல் கூடுகிறது. இதைக் கூம்பின் பரப்பான 0.024 சதுர மீட்டரால் பெருக்கினால், கூம்பை எதிர்க்கும் விசை 58 நியூட்டன். ஏறக்குறைய 6 கிலோ அரிசிப்பையைக் கூம்பின்மீது வைத்ததற்குச் சமம்! ஒலி அதிர்வு மிக வேகமானது, வெப்பம் வெளியேற நேரம் இருக்காது. ஆகவே உண்மையான எதிர்ப்பு இதைவிடவும் அதிகம்.

அதே கூம்பு 400 லிட்டர் பின்பெட்டிக்குள் அசைந்தால்? அதே கணக்கின்படி எதிர்ப்பு விசை 0.7 நியூட்டன்தான். 70 கிராம் எடை. காருக்கான சாதாரண ஒலிபெருக்கியின் சுருள் 70 கிராமைச் சிரமமின்றித் தள்ளும். 6 கிலோவைத் தள்ள அதற்கு வலிமை போதாது. ஆழமான ஒலிக்குக் கூம்பு அதிக தூரம் அசைய வேண்டும். அசைய முடியாவிட்டால் அந்த ஒலி பிறக்காது.

எவ்வளவு இழப்பு?

ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழே உள்ள ஒலிகள் வேகமாகத் தேய்ந்துவிடும். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வும், பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் செய்த ஆய்வுகளும், பெட்டியின் அளவுக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை எளிய கணக்காக்கித் தந்தன. ‘சமான கன அளவு’ அவற்றில் ஒன்று. எவ்வளவு காற்றை அடைத்தால் அது ஒலிபெருக்கியின் சொந்தச் சுருள்வில் விறைப்புக்குச் சமமாகும் என்பதை அது சொல்கிறது. மூடிய பெட்டிக்கான சூத்திரம் இது:

புதிய அதிர்வெண் = பழைய அதிர்வெண் × √(1 + சமான கன அளவு ÷ பெட்டியின் கன அளவு)

எடுத்துக்காட்டாக, இயல்பு அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், சமான கன அளவு 40 லிட்டர் என்று கொள்வோம். 5 லிட்டர் டப்பாவில் 1 + 8 = 9. அதன் வர்க்கமூலம் 3. எனவே புதிய அதிர்வெண் 180 ஹெர்ட்ஸ். 60 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளில் பெரும்பகுதி நலிந்துவிடுகிறது. தாளக் கருவிகளின் ஆழம் அங்கேதான் இருக்கிறது. 400 லிட்டர் பின்பெட்டியில் அதே கணக்கு 63 ஹெர்ட்ஸ் தருகிறது. பின்பெட்டியைச் சாமான்கள் அடைத்து 100 லிட்டர் காற்று மட்டுமே மிஞ்சினாலும் 71 ஹெர்ட்ஸ்தான். மூட்டைகள் ஒலியைக் கெடுப்பதைவிட, நாம் பாதுகாப்புக்காகப் போடும் டப்பா அதிகமாகக் கெடுக்கிறது.

அப்படியானால் சிறிய மூடிய பெட்டியே தவறா? இல்லை. 1954இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் உருவாக்கிய ஒலிபெருக்கி, சிறிய மூடிய பெட்டிக்குள்தான் இருந்தது. ஆனால், அவர் கூம்பின் பிடிப்பை மிகத் தளர்வாக அமைத்து, அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தினார். பெட்டிக்கு ஏற்ற ஒலிபெருக்கி அது. பின்தட்டுக்காகச் செய்யப்பட்ட ஒலிபெருக்கியை அப்படியே சிறு பெட்டிக்குள் அடைப்பது வேறு.

துணி சுற்றினால் போதுமா?

பழைய துண்டை ஒலிபெருக்கியைச் சுற்றிக் கட்டுவதும் நல்லதன்று. துணி கூம்பைத் தொட்டால் அதன் அசைவு தடைபடும். இன்னொரு காரணமும் உண்டு. ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும் மின்னாற்றலில் மிகச் சிறு பங்கே, பெரும்பாலும் ஒன்றிரண்டு விழுக்காடே, ஒலியாகிறது. மீதி எல்லாம் சுருளில் வெப்பமாகிறது. அந்த வெப்பம் காந்தத்தின் வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் காற்றுக்கு வெளியேற வேண்டும். வெயிலில் நின்ற காரில் அதற்குக் கம்பளி போர்த்துவானேன்? சில ஒலிபெருக்கிகளில் காந்தத்தின் நடுவே ஒரு துளை இருக்கும். அதுவும் காற்று போய்வரும் வழி. அதை ஒட்டுநாடாவால் அடைக்கக் கூடாது.

நல்ல மூடி எப்படி இருக்க வேண்டும்?

பொருள்களைத் தடுக்க வேண்டும், காற்றைத் தடுக்கக் கூடாது. இந்த ஒரு வரியிலிருந்து மற்ற எல்லாம் வந்துவிடும்.

1. மூடி முழுவதும் துளைகள் இருக்கட்டும். துளைகளின் மொத்தப் பரப்பு, கூம்பின் பரப்பைவிடக் குறையக் கூடாது. 1 சென்டிமீட்டர் சதுரத் துளைகள் என்றால், நமது எடுத்துக்காட்டுக்குக் குறைந்தது 240 துளைகள் தேவை. கடைகளில் கிடைக்கும் உறுதியான பிளாஸ்டிக் கூடைகள் பலவற்றில் அதைவிட அதிகமாகவே இருக்கும்.

2. காந்தத்துக்கும் மூடிக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கூம்பை எதுவும் தொடக் கூடாது.

3. பிளாஸ்டிக் அல்லது மரம் நல்லது. இரும்பு வலையைக் காந்தம் இழுக்கும். அது நகர்ந்து மின் இணைப்புகளைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும்.

4. தளர்வாகப் பொருத்தினால், ஒலிக்கும்போதெல்லாம் மூடி சடசடக்கும். தட்டுக்கும் மூடிக்கும் இடையே மெல்லிய நுரைப்பட்டை வைத்தால் அந்தத் தொல்லை இராது.

5. பின்பெட்டிக் கதவை மூடும்போது அதன் வளைந்த கைகள் உள்ளே இறங்குவதைக் கவனியுங்கள். மூடி அவற்றின் பாதையில் இருக்கக் கூடாது. தட்டில் துளையிடும் வேலையைப் பெரியவர்களிடம் அல்லது காருக்கு ஒலிச் சாதனங்கள் பொருத்துபவரிடம் விட்டுவிடுங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: மின்கலத்தில் இயங்கும் பழைய வானொலி, பெரிய கெட்டி அட்டை, சிறிய பிளாஸ்டிக் கிண்ணம். சுவர் மின்சாரத்தில் இயங்கும் வானொலியைப் பிரிக்கவே கூடாது.

ஆசிரியர் அல்லது பெற்றோர் உதவியுடன் வானொலியைத் திறந்து, கம்பிகளை அறுக்காமல் ஒலிபெருக்கியை வெளியே எடுங்கள். முதலில் அதைக் கையில் பிடித்தபடி ஒரு பாட்டைக் கேளுங்கள். அடுத்து, கூம்பின் அளவுக்கு அட்டையில் துளையிட்டு, ஒலிபெருக்கியை அதன்மீது அழுத்திப் பிடியுங்கள். ஒலி சட்டென்று கனப்பதை உணர்வீர்கள். மூன்றாவதாக, கம்பி போகச் சிறு வழிவிட்டு, அதன் முதுகைக் கிண்ணத்தால் இறுக்கமாக மூடுங்கள். கடைசியாக, கிண்ணத்துக்குப் பதில் துளைகள் நிறைந்த சிறு கூடையை வைத்துப் பாருங்கள். நான்கு முறையும் ஒரே ஒலியளவில் கேட்டு, வேறுபாடுகளைப் பட்டியலிடுங்கள். நண்பர் ஒருவரைக் கண்களை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னால், உங்கள் முடிவு இன்னும் நம்பகமாகும்.

இனி வீட்டில் யாராவது அந்த ஒலிபெருக்கிகளை இறுக மூட முனைந்தால், 6 கிலோ அரிசிப்பைக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். பிறகு, கையில் இருக்கும் டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கூடையை எடுத்துக் கொடுங்கள்.