யாரும் நூற்க மறுத்த கம்பளி

டில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில்தான் கம்பளி நூலின் அருமை நம்மில் பலருக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஒரு கை நீளமும் மறு கை குட்டையுமாக ஸ்வெட்டர் பின்னிய அனுபவம் பல தமிழ் வீடுகளில் உண்டு. அந்தக் கம்பளி நூலால் உயர்ந்து, பிறகு எல்லாவற்றையும் இழந்த ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் கதை இது.

டேனியல் சால்ட், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கம்பளி வியாபாரி. 1803-ல் பிறந்த மகன் டைட்டஸும் அதே தொழிலுக்கு வந்தார். ரஷ்யாவிலிருந்து வந்த ‘டான்ஸ்காய்’ என்ற முரட்டுக் கம்பளி அவர் கையில் சிக்கியது. சிக்கும் அழுக்குமான அந்தச் சரக்கை நூற்க முடியாது என்று ஊர் ஆலைக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். டைட்டஸ் தாமே இயந்திரம் வைத்து நூற்றுக் காட்டினார். வியாபாரி ஆலை முதலாளியானது இப்படித்தான்.

1836-ல் லிவர்பூல் கிடங்கு ஒன்றில், வாங்க ஆளில்லாமல் கிடந்த அல்பாக்கா மூட்டைகளைப் பார்த்தார். அல்பாக்கா, பெரு நாட்டில் வளரும் ஒட்டக இனப் பிராணி. அதன் ரோமம் நீளமானது, பளபளப்பானது. ஆனால் நெய்வது கடினம். பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்கு அல்பாக்கா நூல் என்று சேர்த்தபோது, பட்டுபோல் மினுங்கும் துணி கிடைத்தது. விக்டோரியா ராணியே தாம் வளர்த்த அல்பாக்காவின் ரோமத்தை இவரிடம் அனுப்பித் துணியாக்கிக்கொண்டார்.

1853 செப்டம்பர் 20, டைட்டஸின் 50-ஆவது பிறந்த நாள். புகை மண்டிய பிராட்ஃபோர்டுக்கு வெளியே, ஏர் நதிக்கரையில் புதிய ஆலை திறந்தார். சால்ட், ஏர் இரண்டும் சேர்ந்து ஊருக்கு ‘சால்ட்டேர்’ என்று பெயராயிற்று. தொழிலாளருக்கு 800-க்கும் மேற்பட்ட வீடுகள், பள்ளி, மருத்துவமனை எல்லாம் கட்டினார். சாராயக் கடை மட்டும் கிடையாது. அதில் எத்தனை பேருக்குச் சந்தோஷமோ!

டைட்டஸ் 1876-ல் காலமானார். பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். ஆனால் பெண்கள் மினுங்கும் விறைப்பான துணியை விட்டு மென்மையான துணிகளுக்கு மாறினார்கள். பொறுப்பேற்று நடத்திய மகன், இளைய டைட்டஸ், 1887-ல் திடீரென்று இறந்தார். 1890-ல் அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியது. 1893-ல் ஆலை வேறு கைகளுக்குப் போயிற்று. தந்தைக்குப் பின் பதினேழே ஆண்டுகள்!

1986-ல் ஆலை மூடப்பட்டது. இப்போது அங்கே ஓவியக் கூடமும் கடைகளும் இருக்கின்றன. 2001-ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டைட்டஸின் மனைவி, மக்கள் பெயர்களைத்தான் தெருக்களுக்கு வைத்திருந்தார்கள். கரோலின் தெரு, ஜார்ஜ் தெரு, டைட்டஸ் தெரு என்று அவை இன்றும் அப்படியே வழங்குகின்றன.