இயந்திரத்துக்கும் ஒரு நாட்குறிப்பு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஆயினும், வள்ளத்து இயந்திரத்துக்கென எழுதப்பெறும் ஏடு நடுக்கடலில் உயிரையே காக்கவல்லது என்போம் நாம்.

கொட்டியாரக்குடாவின் தென்கரையில் அமைந்தது சம்பூர். 2006ஆம் ஆண்டில் போரினால் இடம்பெயர்ந்த இவ்வூர் மக்கள், 2015 முதல் சிறிது சிறிதாக மீளக் குடியேறினர். கடலை நம்பிய குடும்பத்துக்குப் புதிய இயந்திரம் பெருஞ்செலவு. பழையதை வைத்திருந்தால் கடலில் நின்றுவிடுமோ என்ற அச்சம், மாற்றினாலோ கடன். எங்ஙனம் முடிவெடுப்பது?

ஒரு கொப்பி போதும். இயந்திரம் ஓடிய மணிகள், பழுதுற்ற நாள், பழுதுற்ற உறுப்பு, செலவு ஆகிய நான்கையும் அன்றன்றே குறித்தல் வேண்டும்.

இரண்டு இயந்திரங்கள் தலைக்கு 600 மணி ஓடி, மும்முறை பழுதுற்றன என்று கொள்வோம். இரண்டுக்கும் சராசரி 200 மணியே. ஆனால், முதலாவது பழுதுற்ற இடைவெளிகள் 300, 200, 100. மற்றதன் இடைவெளிகள் 100, 200, 300. முன்னது தேய்ந்து வருகின்றது. மாற்றுதற்குப் பணஞ்சேர்க்கத் தொடங்குதல் நன்று. பின்னதோ சீர்பெற்று வருகின்றது. சராசரி மறைத்ததை வரிசை காட்டிவிட்டது! இடைவெளிகள் ஒழுங்கின்றி அமையின், பழுதுக்கு முதுமை காரணமன்று. உதிரிப்பாகத்தை வள்ளத்தில் வைத்திருப்பதே அறிவுடைமை. மூன்று பழுதுகளைக் கொண்டு முடிவுகட்டுதல் அவசரமாகும். குறிப்புகள் பெருகப் பெருகவே கணிப்பு உறுதிபெறும்.

1942 ஏப்ரில் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு பொழிந்தன. அதே உலகப் போரில், பிரித்தானியக் கரையோர விமானப் படையின் பழுதுக் குறிப்புகளை உயிரியல் அறிஞர் வாடிங்டனும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். 50 மணிப் பறப்புக்கு ஒருமுறை நடந்த பரிசோதனையை அடுத்துப் பழுதுகள் குறையவில்லை, கூடின! நன்றாயிருந்ததையும் கழற்றிப் பூட்டியமையே காரணம். முறை திருத்தப்பட, விமானங்கள் பறந்த நேரம் பெருகிற்று. ஆராய்ந்தவர்க்கு வழிகாட்டியவை பழைய குறிப்புகளே.

வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்க, வள்ளங்கள் கரையேறும். கொப்பியைப் புரட்டிக் கணக்கிட ஏற்ற காலம் அதுவே. அப்பணியை வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படைக்கலாம். பிள்ளை கற்ற கணக்கினால் தந்தை பத்திரமாகக் கரை சேர்வாராயின், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிற்றன்றோ?