இருபது வயதில் கட்டாய ஓய்வு

மும்பையின் பத்மினி டாக்ஸிகளைத் தெருவிலிருந்து இறக்கியது வயது வரம்பு. ஆனால் பயணியின் பாதுகாப்பு வண்டியின் பிறந்த தேதியில் மட்டும் அடங்கிவிடுவதில்லை.

2023 அக்டோபர் 30. மும்பையில் ஒரு பிரிமியர் பத்மினி டாக்ஸிகூட சட்டப்படி சவாரி ஏற்ற முடியாமல் போன முதல் நாள் அது. கடைசி பத்மினி டாக்ஸி தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது 2003 அக்டோபர் 29-ல். மும்பையில் டாக்ஸிக்கு வயது வரம்பு 20 ஆண்டுகள். கணக்கு துல்லியம்; சலுகைக்கு இடமில்லை.

குர்லா தொழிற்சாலையில் 1964-ல் ஃபியட் 1100 டிலைட்டாகப் பிறந்து, எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாறிய கார் அது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, தலைக்கு மேல் காரியர் என்று அந்த நகரத்தின் அடையாளமாகவே இருந்தது. அது விடைபெற்றபோது பலர் நெகிழ்ந்தார்கள். நியாயம்தான். ஆனால் பின் சீட்டில் ஏறி உட்காருகிறவரின் கவலைகள் வேறு. பிரேக் பிடிக்குமா? ஓட்டுகிறவர் யார்? அவர் கடைசியாகத் தூங்கியது எப்போது?

இவற்றுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் விரல்கள் பல திசைகளில் நீளும். பிரிட்டனின் பெரும்பாலான ஊர்களில் டாக்ஸிக்கும் டிரைவருக்கும் உரிமம் தருவது உள்ளூர் மன்றம். இங்கே அப்படியல்ல. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தருவது மாநில அரசின் கீழுள்ள போக்குவரத்து ஆணையம். எஃப்.சி. தருவது மோட்டார் வாகன ஆய்வாளர். டிரைவரின் நடத்தையைச் சரிபார்ப்பது போலீஸ். அந்த டாக்ஸி விழுந்து எழும் குழியை அடைக்க வேண்டியது மட்டும் மாநகராட்சி.

வயது வரம்பு அதிகாரிகளுக்குச் சுலபமான கருவி. பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் போதும், வண்டியைப் பார்க்க வேண்டியதில்லை. மும்பையில் அந்த வரம்பு முதலில் 25 ஆண்டுகளாக இருந்து, பின்னர் 20 ஆகக் குறைந்தது. கொல்கத்தாவில் 15 ஆண்டுகள்தான். 2008-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் புகையைக் கட்டுப்படுத்தப் பிறப்பித்த உத்தரவின் விளைவு அது. உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. அந்த ஆண்டில் பதிவான மஞ்சள் டாக்ஸிக்கும் 2029-ல் கெடு முடியும்.

புகை விஷயத்தில் இந்தக் கருவி பலன் தரும். பழைய இன்ஜின் அதிகம் கக்கும் என்பதில் சந்தேகமில்லை. பாதுகாப்பு விஷயத்தில்தான் சிக்கல். ஒருவர் மட்டும் பகலில் ஓட்டி, பொறுப்பாகப் பராமரித்த பழைய வண்டி ஒரு பக்கம். இரண்டு டிரைவர்கள் மாறி மாறி இரவு பகலாக ஓட்டும் எட்டு வயது வண்டி இன்னொரு பக்கம். எதன் பிரேக்கை நம்புவது என்று பதிவுத் தேதி சொல்லாது. சோதனைதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சோதனையின் லட்சணத்தை நீதிமன்றமே கேள்வி கேட்டது. பிரேக்கைச் சோதிக்க 250 மீட்டர் நீளத் தடம் வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. தடம் இல்லாத அலுவலகங்களில் எஃப்.சி. வேலையே பின்னர் நிறுத்தப்பட்டது. அங்குலம் அங்குலமாக நிலம் விற்கும் மும்பையில் 250 மீட்டருக்கு எங்கே போவது? 2021-ல் மத்திய அரசு தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு விதிமுறை வெளியிட்டது. அவற்றைக் கட்டாயமாக்கும் கெடுவோ தள்ளிக்கொண்டே போனது.

எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பது விதி. தாமதமானால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று 2016 இறுதியில் விதி வந்தது. ஆட்டோ, டாக்ஸிக்காரர்களின் எதிர்ப்பால் 2024-ல் மகாராஷ்டிர அரசு அதை நிறுத்திவைத்தது. அவர்கள் கோபத்திலும் பொருள் இருக்கிறது. மும்பையில் பர்மிட் ஒருவர் பெயரில் இருக்கும். ஷிஃப்டுக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி ஓட்டுகிறவர் இன்னொருவர். ஒரு நாள் வண்டி நின்றால் டிரைவருக்கு அன்றைய சாப்பாடு போச்சு. பிரேக் தேய்ந்தால் முதலாளி அந்த வண்டியில் உட்காரப்போவதில்லை. இருவருக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வது பயணி.

டிரைவர் சோதனையும் இதே கதிதான். 2014 டிசம்பரில் டெல்லியில் செயலி வழி அழைத்த டாக்ஸியில் ஒரு பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். டிரைவர் மீது முன்பே வழக்குகள் இருந்தன. அவர் காட்டிய நன்னடத்தைச் சான்றிதழ் போலி. சான்றிதழ் கேட்கும் விதி இருந்தது, அதைச் சரிபார்க்கத்தான் ஆளில்லை. பிறகு விதிகள் குவிந்தன. 2019 முதல் புதிய பொதுப் பயண வாகனங்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் கட்டாயமாயின. செயலி நிறுவனங்களின் டிரைவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் கூறின. ஆனால் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் யாராவது எடுக்க வேண்டும். 12 மணி நேரம் ஒரு செயலியில் ஓட்டியவர் அடுத்த செயலியைத் திறந்தால் அதையும் யாராவது கவனிக்க வேண்டும்.

2022 நவம்பரில் மும்பை போலீஸ் காரில் செல்லும் எல்லோருக்கும் சீட் பெல்ட் கட்டாயம் என்றது. பழைய டாக்ஸிகள் பலவற்றின் பின் சீட்டில் பெல்ட்டே இல்லை. ஆண்டுக்காண்டு எஃப்.சி. வாங்கிய வண்டிகள் அவை.

பழைய வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்ப ஒரு தேதி போதும். ஓடுகிற வண்டியை நம்பி ஏற, நேர்மையான பிரேக் சோதனையும், உண்மையான போலீஸ் சரிபார்ப்பும், ஒரு நாள் வண்டியை நிறுத்திப் பழுது பார்த்தாலும் பட்டினி கிடக்காத டிரைவரும் வேண்டும். பத்மினியை அனுப்பிவைத்த வேகத்தில் பாதி, இந்த மூன்றிலும் தென்பட்டால் பயணிக்கு அதுவே பெரிய லாபம்.