எழுவான்கரையிலிருந்து ஒரு படம்: நிலக்காட்சிப் புகைப்படமும் அதன் திருத்தமும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கிழக்குக் கரையை மக்கள் எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலப்பகுதியைப் படுவான்கரை என்பர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்பதே பொருள். திசையைச் சுட்ட எழுந்த இப்பெயர்கள், வெளிச்சத்தைக் கொண்டு தொழில் செய்யும் புகைப்படக்கலைக்கும் பொருந்தி வருதல் கவனிக்கத்தக்கது. இவ்வாவிக்கரையில் எடுக்கப்பெறும் படங்களில் எவர் வெளிச்சத்தில் நிற்கின்றார், எவர் இருளில் நிற்கின்றார் என்று வினவினால், அதற்கான விடை அழகியலுக்குள் மட்டும் அடங்குவதில்லை. பயணத்தின்போது எடுக்கப்படும் நிலக்காட்சி, நகர்க்காட்சிப் படங்களையும் அவற்றைப் பின்னர் திருத்தும் முறைகளையும் அவ்வினாவின் வழிநின்று நோக்குவதே நமது முயற்சி.

முதலிற் பலரும் அறிந்த படத்தை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்புக்கு வரும் பயணி பெரும்பாலும் எழுவான்கரைப் பக்கத்திலேயே தங்குகின்றான். பகலெல்லாம் அலைந்துவிட்டு மாலையிற் கமராவுடன் நீரோரம் வருகின்றான். அவனுக்கு எதிரே மேற்கு. செம்பொன் நிறமான வானம். அதே நிறத்தில் நீர். நடுவே தோணியில் நின்று வீச்சுவலை எறியும் ஒருவர். படம் எடுக்கப்படுகின்றது. வானம் உள்ளபடி வருகின்றது. மனிதர் கரிய வடிவமாக வருகின்றார்.

இது கமராவின் குற்றமன்று, அதன் இயல்பு. மிகுந்த ஒளியையும் மிகுந்த இருளையும் ஒருங்கே வாங்கிக்கொள்ளுந் திறன் மனிதக் கண்ணுக்கு உள்ள அளவு கமராவுக்கு இல்லை. ஞாயிறு மனிதருக்குப் பின்னால் நிற்கும்போது ஒளியளவை வானத்துக்கு ஏற்ப வைத்தால் முகம் கறுக்கும். முகத்துக்கு ஏற்ப வைத்தால் வானம் வெளுத்துவிடும். இரண்டில் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். பயணி வானத்தைத் தெரிகின்றான். இத்தெரிவு எண்ணிறந்த முறை ஒரே வகையாகவே நிகழும்போது அதனைத் தனிமனித ரசனை என்று கூறி அமைதல் இயலாது.

இத்தெரிவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1857ஆம் 1858ஆம் ஆண்டுகளில் மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களிற் படமெடுத்த லின்னேயஸ் திரைப் என்னும் இராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர். அக்காலத்து இரசாயனப் பூச்சுகள் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி உணர்ச்சியுடையன. ஆதலால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகவே பதியும். திரைப் தமது மெழுகுத்தாள் எதிர்ப்படிகளில் வண்ணம் பூசி முகில்களை உண்டாக்கினார். மர இலைகளையுந் திருத்தினார். இலங்கையில் 1852இல் படமெடுத்த பிரெடெரிக் பீபிக்கின் படங்களோ கையால் வண்ணந்தீட்டப்பட்டவை. அடோபி நிறுவனம் 2020இல் தனது ஃபோட்டோஷொப்பில் வானத்தை மாற்றும் கருவியைச் சேர்த்தபோது சிலர் புகைப்படத்தின் உண்மை அழிந்ததெனப் புலம்பினர். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு மேலே வானம் மாற்றப்பட்டு அப்போது நூற்றறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. திருத்தம் புகைப்படத்துடன் பிறந்தது. திருத்தலாமா கூடாதா என்பதை விட, எதனைத் திருத்தினார்கள், எதனைத் திருத்த நினைக்கவேயில்லை என்பதே நாம் கேட்க வேண்டியது.

திரைப் முகிலுக்காக உழைத்தார். கோயிலின் முன் நின்ற மனிதருக்காக அவ்வாறு உழைத்தாரல்லர். 1870ஐ ஒட்டி அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் அரசாங்கத்துக்காகப் படமெடுத்த யோசப் லோற்றனின் காலத்தில், இடிபாட்டின் அருகே மனிதரை நிறுத்துவது வழக்கம். தூண் எவ்வளவு உயரம் எனக் காட்டும் அளவுகோல் அவர். ஸ்கீன், ஸ்கோவன் முதலியோரின் படக்கூடங்கள் தமிழ்ப் பெண், சோனகர் எனத் தலைப்பிட்ட ‘மாதிரி மனிதர்’ படங்களை விற்றன. பெயரில்லாத அளவுகோலும் பெயரில்லாத மாதிரியும் குடியேற்ற ஆட்சியின் கண்ணுக்குப் போதுமாயிருந்தன. வாவியின் கரிய வடிவம் அவற்றின் வழித்தோன்றல் என்பதே எமது கருத்து. (லயனல் வென்ட் இதற்கு விலக்கு எனச் சொல்லப்படுவதுண்டு. 1944இல் மறைந்த அக்கலைஞர் உழைப்போரின் உடலுக்கு ஒளி கொடுத்தார் என்பது மெய்யே. எனினும் அவரிடத்தும் ஒளி பெறுவது உடலேயன்றி உழைப்பு அன்று என எமக்குத் தோன்றுகின்றது. அது தனியே ஆராயத்தக்கது.)

தமிழ்க் கவிதையியல் நிலத்தை வேறுவகையாகக் கண்டது. தொல்காப்பியர் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு தொழிலையுஞ் சேர்த்தே எண்ணினார். தொழில் இல்லாத நிலம் திணையாகாது. நெய்தல் என்றால் வலையும் உப்பும் மீனுணங்கலும் அதனுள் அடங்கும். ஆனால் இதனைப் பொற்காலமாக்கிப் பெருமைப்படுதல் தவறு. அதே இலக்கணம் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக் காதலுக்குப் புறத்தே நிறுத்தியது. தொழில் நிலத்துக்கு உரியதாயிற்று. தொழிலாளி நிலத்தின் தலைமகனாகவில்லை. இன்றைய சுற்றுலாப் படமோ இன்னும் ஒருபடி சென்று தொழிலையும் வெறும் அசைவாக, வலை விரியும் வட்டத்தின் அழகாக மாற்றிவிடுகின்றது.

இரு கரைகளுக்கும் இடையிலுள்ள உறவு ஒளியின் உறவு மட்டுமன்று. மக்கள் நெருங்கி வாழும் எழுவான்கரை ஊர்களிலிருந்த போடியார்களுக்குப் படுவான்கரை வட்டைகளில் வயல் இருந்தது. வயலில் நின்று உழைத்தோர் வேறு. நெல் துறை வழியே கிழக்கே வந்தது. மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது 2014இலேதான், அதுவரை படகுப்பாதையே. கல்லடியில் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் 1924இல் பாலம் அமைந்ததையும் அதன் அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டதையும் இதனோடு ஒப்பிட்டால், எக்கரை எப்போது இணைக்கப்பட்டது என்பது விளங்கும். போர்க்காலத்தில், 2007 வரை, படுவான்கரையின் பெரும்பகுதி நெடுங்காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது, வாவி எல்லைக்கோடாயிற்று. சோதனைச் சாவடியில் கமரா ஐயத்துக்குரிய பொருள். அக்காலத்துப் படுவான்கரையின் அன்றாட வாழ்வைக் காட்டும் படங்கள் குடும்பங்களின் கையில் அரிதாகவே உள்ளன. எனவே எழுவான்கரையில் நின்று மேற்கே நோக்கி, அங்கே எவரும் இல்லாததுபோலப் படமெடுக்கும்போது, நாம் ஏற்கனவே உள்ள ஒரு வெறுமையின் மேல் இன்னொன்றை அடுக்குகின்றோம்.

இதற்கு நாமும் விலக்கல்லேம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையிற் கல்லடிப் பாலத்தருகே அத்தகைய படம் ஒன்றை எடுத்தோம். நண்பர் பலர் பாராட்டினர். ஒரு நிகழ்ச்சி அழைப்பிதழிலும் அது அச்சேறியது. பின்னொரு நாள் அதே தோணிக்காரரைக் கரையிற் கண்டு, பெருமையுடன் படத்தை நீட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார். “வானம் நல்லா வந்திருக்கு. இதில என்ட முகம் எங்க, தம்பி?” என்றார். எம்மிடம் விடையில்லை.

அன்றிரவு மூலக்கோப்பை மீண்டுந் திறந்தோம். கமராக்கள் ‘ரோ’ எனப்படும் பதனிடாத கோப்பினையுஞ் சேமிக்கும். சாதாரண படக்கோப்பு இருளைப் பெரும்பாலும் எறிந்துவிடும். ரோக் கோப்பு அதனை வைத்திருக்கும். வானத்தின் ஒளியைக் குறைத்து, இருண்ட பகுதியை மட்டும் படிப்படியாக உயர்த்தினோம். கரிய வடிவத்தில் முதலில் மேற்சட்டையின் கோடு தெரிந்தது; பின் நெற்றி, தாடை. தோணியின் பின்புறத்தில், நாம் வலையின் குவியல் என்று எண்ணியிருந்த இடத்தில், ஒரு சிறுவன் குனிந்து பேணியால் நீர் இறைத்துக்கொண்டிருந்தான். படத்தை எடுத்த நாம் அவனைக் கண்டதேயில்லை. கோப்பு அவனை வைத்திருந்தது. வானத்தின் நிறத்தைக் காப்பதற்காக அவனைக் கறுப்பாக்கியது எமது முதல் திருத்தம்.

இருளை உயர்த்தினால் படத்திற் புள்ளி மணல் போலத் தோன்றும். நிறம் சற்று மங்கும். வானம் முன்னைய பொலிவை இழக்கும். தொழில்நுட்பத்தின்படி அது தாழ்ந்த படம். அதனை ஏற்றுக்கொள்ளுதல் ஒரு வழி. இன்னொரு வழி எளியது, கணினியும் வேண்டாம். நிற்கும் கரையை அல்லது வேளையை மாற்ற வேண்டும். எழுவான்கரையிலிருந்து காலையில் மேற்கே நோக்கினால் ஞாயிறு எடுப்பவரின் முதுகுப்புறம் இருக்கும்; எதிரே வருபவரின் முகத்தில் ஒளி விழும். இரவெல்லாம் நீரில் நின்றவர்கள் மீனுடன் கரை சேரும் வேளையும் அதுவே. மாலையில் எடுப்பதாயின் படுவான்கரைக்குச் செல்ல வேண்டும். அங்கு நின்று கிழக்கே நோக்கினால் கல்லடியும் புளியந்தீவும் ஒளியில் நிற்கும். ஆனால் காலையில் எழ வேண்டும், பாலம் கடந்து அக்கரை செல்ல வேண்டும், அங்கே எவரையாவது அறிந்திருக்க வேண்டும். விடுதியின் மாடத்தில் நின்று இவற்றைச் செய்ய முடியாது.

நகர்க்காட்சியில் இச்சிக்கல் வேறு உருவெடுக்கும். வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய கட்டுரையில் பிரெக்டின் கருத்தொன்றைச் சுட்டுகின்றார்: ஒரு தொழிற்சாலையின் கட்டடத்தை மட்டும் படமெடுத்தால் அதனுள் நிகழும் மனித உறவுகள் பற்றி அப்படம் எதுவுஞ் சொல்லாது. புளியந்தீவுக் கோட்டைக்கு இது பொருந்தும். போர்த்துக்கீசர் 1628இல் தொடங்கிய கோட்டை 1638இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. நெடுங்காலம் அதனுள்ளே கச்சேரி இயங்கியது. காணி உறுதி, இழப்பீடு, காணாமற்போனோர் பற்றிய மனு என மக்கள் அங்கே காத்து நின்றனர். அக்கரையில் நின்று நீரில் விழும் மதிலின் நிழலோடு எடுக்கப்படும் படம் அழகியது. அது ஒல்லாந்தரை நினைவூட்டும். கச்சேரி வாயிலை நினைவூட்டாது.

கணினித் திருத்தத்தில் மிக எளிய கருவிகளே மிகுந்த கேடு விளைவிக்கக் கூடியன. மின்கம்பி, குப்பை, வழிப்போக்கர் ஆகியோரை ஒரு தொடுகையில் அழிக்கலாம். சாய்ந்த கட்டடங்களை நிமிர்த்தும் கருவியும் உண்டு. கமராவை மேல்நோக்கிப் பிடித்ததால் உண்டாகும் சரிவைத் திருத்தவே அது அமைந்தது. கட்டடக் காட்சிக்குப் பயனுள்ளதே. ஆனால் கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையிற் சாய்ந்தது. சாய்ந்து நின்ற அக்கோபுரத்தின் படத்தை இக்கருவியிடம் ஒப்படைத்தால், அது கமராவின் பிழையென எண்ணிக் கோபுரத்தை நிமிர்த்த முயலும். வெற்றி பெற்றால், ஆழிப்பேரலை அப்படத்தில் நிகழ்ந்திராது. கருவிக்கு வரலாறு தெரியாது. எடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆளகற்றிய கரைக்குச் சந்தையில் விலையும் உண்டு. 2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் எழுந்தன; மீனவரின் படகு நிற்குமிடம் சுருங்கியது. அக்கரையை விற்கும் விளம்பரப் படங்களில் வெண்மணலும் நீலநீரும் இருக்கும். வலை, மண்ணெண்ணெய்க் கலன், மீன் உணங்கும் பாய் இரா. அழிக்கப்பட்டவை அழுக்கு என்பர். அவை உற்பத்திக் கருவிகள். படத்தில் எவரும் இல்லாத நிலம், காகிதத்திலும் எவருக்கும் உரியதல்லாத நிலமாக மாறுதல் எளிது.

இவற்றால் திருத்தமே கூடாதென நாம் கூறுகின்றோமல்லேம். அடிவானம் சாய்ந்திருந்தால் நேராக்கலாம். வாவி நீர் சரிந்து நிற்பதில்லை. காட்சியின் நிறத்தைக் கமரா தவறாகப் பதிந்திருந்தால் திருத்தலாம். விளிம்பை வெட்டலாம், ஆயினும் வெட்டிய துண்டை ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டுதல் நன்று. பெரும்பாலும் கையொன்று, துடுப்பொன்று, பாதி முகமொன்று அதிலிருக்கும்.

படத்தின் பின்புறம் எழுதப்படுவதையும் திருத்தத்தின் பகுதியாகவே கொள்ளல் வேண்டும். நாள், வேளை, நின்ற கரை, எதிர்ப்பட்டவரின் சம்மதத்துடன் பெயர், பின்னர் மாற்றியவை ஆகியன குறிக்கப்படுதல் நலம். முகத்துவாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே மணல்மேடு வாய் அடைத்துக்கொள்ளும். மாரிவெள்ளம் பெருகி வயல்கள் மூழ்கும்போது அதனை வெட்டிவிடுவர். எப்போது வெட்டுவது என்பது நெல்லுக்கும் மீனுக்கும் இடையிலான வழக்கு. நாளிடாத படத்தில் அது வெறும் அழகிய மணற்றிட்டு. நாளிட்ட படத்தில், அம்மாரியில் வாய் திறந்திருந்ததா அடைத்திருந்ததா என்று வயற்காரரும் தோணிக்காரரும் சுட்டிக்காட்டிப் பேசலாம்.

திருத்திய படத்தின் படிகள் இரண்டைக் கல்லடியிற் கொண்டுபோய்க் கொடுத்தோம். தோணிக்காரர் தமது முகத்தைச் சற்றே பார்த்தார். பின் பேணியுடன் குனிந்திருந்த சிறுவன்மேல் விரலை வைத்து, அவன் இப்போது சவூதியில் வேலை செய்வதாகவும், அவன் தோணியில் இருக்கும் படம் வேறெதுவும் வீட்டில் இல்லையெனவும் கூறினார்.